நாயின் மூளைத் திசுவில் எதிர்ப்பொருட் சோதனை

நாய் ஒன்று வெறிநோயால் இறந்ததா என்பதை அதன் தோற்றத்தைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. மூளைத் திசுவைச் சோதித்தே முடிவு காணுதல் வேண்டும். பெங்களூரை அடுத்த ஆனேக்கல் வட்டாரத்தில் மனிதரைக் கடித்த நாய் இறந்துவிடுமாயின், இச்சோதனைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூர் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதற்கெனவே ஆய்வுக்கூடம் உள்ளது.

1903-இல் இத்தாலிய அறிஞர் நெக்ரி, நோயுற்ற நாயின் நரம்பணுக்களில் சிறு உருண்டைகளைக் கண்டார். நெடுங்காலம் அவையே நோய்க்குச் சான்றாயின. ஆயினும், நோயுற்ற மூளைகள் அனைத்திலும் அவை காணப்படுவதில்லை.

இக்குறையை நீக்கியது எதிர்ப்பொருள். உடலினுட் புகும் அந்நியப் பொருளோடு இணையுமாறு உடல் ஆக்கும் புரதமே எதிர்ப்பொருளாகும். 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் அதனுடன் ஒளிரும் சாயத்தைப் பிணைத்தனர். 1958-இல் கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் இம்முறையை வெறிநோய்க்குப் பயன்படுத்தினர். மூளைத்தண்டு, சிறுமூளை ஆகியவற்றின் மெல்லிய பதிவைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, குளிர்ந்த அசிட்டோனில் நிலைப்படுத்துவர். பின்னர்ச் சாயமேற்றிய எதிர்ப்பொருளை இட்டு, 37 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்துக் கழுவுவர். வைரஸின் புரதம் இருப்பின், தனிவகை மைக்ராஸ்கோப்பில் அது பசுமையாக ஒளிரும்.

உயிரணுக்களின் ஏற்பிப் புரதங்களைக் கண்டறியவும் இத்தத்துவமே பயன்படுகிறது. தசையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியை வெறிநோய் வைரஸ் பற்றிக்கொள்ளக்கூடும் என்று 1982-இல் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் தெரிவித்தனர். ஆனால், மனித ஏற்பிக்கென ஆக்கிய எதிர்ப்பொருள் நாயின் ஏற்பியோடும் தவறாது இணையும் என்று கொள்ளலாகாது. இரண்டின் அமைப்பும் சிறிது வேறுபடக்கூடும். ஆகவே, அப்புரதம் உள்ளதென ஐயமற அறிந்த திசுவையும், இல்லாத திசுவையும் உடன் வைத்துச் சோதித்தல் இன்றியமையாதது. அவ்வாறு செய்யாவிடின், ஒளி தோன்றினும் தோன்றாவிடினும் அதற்குப் பொருளில்லை.

மூளையைப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவத் துறையினரே பிரித்தெடுத்தல் வேண்டும். அதனைக் கசியாத கலத்தில் அடைத்து, பனிக்கட்டியில் வைத்து விரைவில் அனுப்புதல் நலம். ஃபார்மலினில் இட்ட திசு வழக்கமான இச்சோதனைக்கு ஏற்றதன்று.

கடியுண்டவர் சோதனை முடிவுக்காகக் காத்திருத்தல் கூடாது. காயத்தைச் சோப்பினாலும் ஓடும் நீரினாலும் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை சென்று தடுப்பூசி பெறுதல் வேண்டும். ஆழ்ந்த காயமாயின், ஆயத்தமான எதிர்ப்பொருளையும் மருத்துவர் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர். நோய்க்குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது.