வேப்பங்கொட்டைக் கரைசல்

இடம்பெயர்ந்து வந்த இடத்திலும் கொட்டிலைச் சுற்றிக் கத்தரி, வெண்டி, பயிற்றை நட்டிருக்கிறோம். இலைதின்னும் புழு கண்டதும் கடன்பட்டு நஞ்சு வாங்க வேண்டியதில்லை.

நிழலில் உலர்த்திய வேப்பங்கொட்டையின் கோதை நீக்குவோம். 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, 1 லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவிடுவோம். மறுநாள் பிழிந்து வடித்து, இலையில் ஒட்டுவதற்காகச் சிறிது சவர்க்காரம் கரைப்போம். வெயில் இதன் வீரியத்தைக் கெடுக்கும். ஆகவே மாலையில், இலையின் அடிப்புறமும் நனையத் தெளிப்போம். தெளிகருவி இல்லையேல் விளக்குமாற்றைத் தோய்த்துத் தெளிக்கலாம்.

புழு உடனே சாகவில்லையே என்று கைவிடக் கூடாது. வேம்பு முதலில் அதன் தீனியைக் குறைக்கும். பின் தோலுரித்து வளரவிடாது. இதற்குச் சில நாள் செல்லும். 7 நாளுக்கொருமுறை மீண்டும் தெளிப்போம். காய்களைக் கழுவியே சமைப்போம்.

வேம்பு பழுக்கும் காலத்திலேயே அடுத்த போகத்துக்கான கொட்டையையும் பொறுக்கி வைப்போம்.