இரட்டைக் கர்ப்பமும் கடைசி மாதங்களும்

இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன என்ற செய்தி எந்த ஊருக்கும் மகிழ்ச்சி தருவதாகும். நம் நாட்டில் ஏறக்குறைய நூறு பிரசவங்களில் ஒன்று இத்தகையது. ஆயினும், ஒரு குழந்தைக்கென அமைந்த கருப்பை இருவரைத் தாங்கும்போது தாய்க்கும் சேய்களுக்கும் இடர் மிகுகிறது. அவ்விடர்களை முன்னரே அறிந்துகொள்வது நம் அங்கத்தினர் குடும்பங்களின் கடமையாகும்.

1. முதலில் அறிய வேண்டியது

கர்ப்பம் உற்றதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, பதினான்கு வாரங்களுக்குள் ஸ்கேன் எடுத்தல் வேண்டும். குழந்தைகள் இரண்டா, அவற்றிற்கு நஞ்சு ஒன்றா இரண்டா என்பது அப்போதே தெளிவாகத் தெரியும். ஒரே வாய்க்காலில் இரு வயல்கள் பாயும்போது ஒன்று மிகுந்த நீரால் அழுக, மற்றொன்று காய்வதுண்டு. அதுபோல, ஒரே நஞ்சைப் பகிர்ந்துகொள்ளும் சேய்களுள் ஒன்றிற்கு இரத்தம் மிகுந்தும் மற்றொன்றிற்குக் குறைந்தும் செல்லக்கூடும். ஆகவே இவர்களுக்குப் பதினாறாம் வாரம் முதல் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும்.

2. கடைசி மாதங்களின் இடர்கள்

முதலாவது, குறைமாதப் பிரசவம். இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன்னரே பிறக்கின்றனர். முன்கூட்டியே இடுப்புவலி கண்டாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ உடனே புறப்பட வேண்டும். தக்க சமயத்தில் தாய்க்குப் போடப்படும் ஊசி, சேய்களின் நுரையீரலை முதிரச் செய்து உயிர் காக்கும்.

இரண்டாவது, இரத்தக் கொதிப்பு. அளவு 140/90 அல்லது அதற்கு மேற்பட்டால் ஆபத்தின் அறிகுறி. கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் வீங்குதல் ஆகியவை வலிப்பு நோய்க்கு முன்னறிவிப்பாகலாம். தறியில் நெடுநேரம் அமர்ந்ததால் வந்த வீக்கம் என்றும், வெயிலில் களையெடுத்ததால் வந்த தலைவலி என்றும் சமாதானம் செய்துகொள்ளலாகாது.

மூன்றாவது, இரத்தசோகை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைதல் நன்றன்று. இரும்புச் சத்து மாத்திரையை நாள் தவறாமல் உட்கொள்வதோடு, முருங்கைக்கீரை, பயறு, முட்டை முதலியவற்றையும் உண்ண வேண்டும்.

நான்காவது, பிரசவ வேளையின் இடர். முதற்குழந்தை பிறந்தபின் இரண்டாவது குறுக்கே திரும்பலாம். கொடி முன்னே நழுவலாம். அளவு கடந்து விரிந்த கருப்பை சுருங்காவிடின் இரத்தப்போக்கு பெருகும். இவற்றை வீட்டில் எவராலும் சமாளிக்க இயலாது.

3. முன்னேற்பாடு

திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். ஆனால் பிரசவ நிபுணர், இரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகிய யாவும் ஒருங்கே வேண்டுமாயின், பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை செல்ல நேரிடலாம். வலி கண்டபின் இவ்வழியை யோசிப்பது தாமதமாகும். எங்கு, எத்தனையாவது வாரத்தில் பிரசவம் என்பதை எட்டாம் மாதத்திற்குள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்க. சிக்கலில்லாத இரட்டையருக்கும், நஞ்சு தனித்தனியாயின் 37 முதல் 38 வாரங்களுக்குள் பிரசவம் பார்ப்பது வழக்கம். நஞ்சு ஒன்றாயின் அதற்கும் முன்னதாகவே பார்ப்பர்.

2008 முதல் நம் மாநிலத்தில் இயங்கிவரும் 108 ஊர்தியைக் கட்டணமின்றி அழைக்கலாம். அது வருவதற்குள் பரிசோதனைச் சீட்டுகள், துணிமணிகள், உடன் செல்பவர் ஆகிய மூன்றும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

ஒருவருக்கு நேரும் சுமையைப் பலர் தாங்குவதே கூட்டுறவு. இரட்டைக் கர்ப்பம் தாங்கிய சகோதரியின் கடைசி மாத வேலையைப் பகிர்ந்துகொள்வதும், இரத்தம் கொடுக்க இளைஞர் இருவரை ஆயத்தமாக வைப்பதும் நம் சங்கத்தாரால் எளிதில் ஆகக்கூடியவை.

வினாக்கள்

1. நஞ்சு ஒன்றா இரண்டா என்பதை முன்னரே அறிவது ஏன்?
2. வலிப்புக்கு முன் தோன்றும் அறிகுறிகள் யாவை?
3. உங்கள் தெருவில் நள்ளிரவில் வலி கண்டால் உடன் செல்பவர் யார்?