பத்திரம் பார்த்தாச்சு, இடத்தை அளந்தாச்சா?

நமக்கே இன்னும் வேலை உறுதியாகல, இதுல வீட்டு மனையா என்று கேட்கலாம். ஆனா பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை பக்கம் அப்பாவோ அண்ணனோ மனை தேடும் வீடுகள் நம்ம கிளாஸிலேயே இருக்கும். அவங்க கொண்டு வரும் ஃபைலை வாங்கிப் பாருங்க. பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீல் ஒப்பீனியன் எல்லாம் இருக்கும். இவை இடம் யாருடையது என்று சொல்லும். தரையில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அளந்தால்தான் தெரியும்.

அளவை நம்ம ஏரியாவுக்குப் புதுசில்லை. 1802-ல் வில்லியம் லாம்டன் தன் அளவையின் முதல் அடிக்கோட்டை, சுமார் 7.5 மைல் நீளத்துக்கு, 100 அடி எஃகுச் சங்கிலியால் பரங்கிமலைப் பக்கம்தான் அளந்தார். அவர் நாட்டையே அளக்க வந்தவர். நமக்கு அரை கிரவுண்ட் போதும்.

அரை கிரவுண்ட் என்றால் 1200 சதுர அடி, அதாவது 30-க்கு 40. புரோக்கர் டேப்பைப் பிடித்து நாலு பக்கமும் காட்டுவார், சரியா இருக்கும். மூலைவிட்டத்தை அளக்கச் சொல்லுங்க. செவ்வகமா இருந்தா 50 அடி வரணும் (பிதாகரஸ், பத்தாம் வகுப்பு!). ஒரு மூலைவிட்டம் 44 அடி வந்தால், அதே நாலு பக்க அளவில் பரப்பு சுமார் 1166-தான். சதுர அடி 5,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் 1.7 லட்சம் போச்சு. அப்பாவோட பி.எஃப். பணம் அது. செவ்வகமா போட்ட வீட்டு பிளானும் அந்த மனையில் அப்படியே உட்காராது.

"பத்திரத்துல 1200 போட்டிருக்கே" என்று கோர்ட்டுக்குப் போனாலும் கஷ்டம்தான். நான்கு எல்லையும் பரப்பளவும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்குத்தான் மதிப்பு.

பீர்க்கன்கரணையில் இன்னொரு விஷயம், ஏரி. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தாலும் ஊரின் அமைப்பு ஏரியும் கால்வாயுமா இருந்த ஊருடையதுதான். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கோடையில் காய்ந்த நிலத்தைப் பார்த்தால் ஏரி எல்லை எது, வாய்க்கால் எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனா புலப்படத்தில் (எஃப்.எம்.பி.) கோடு இருக்கும். மனையின் ஒரு மூலை நீர்நிலைப் புறம்போக்கில் போனால், 2007-ம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அந்த மூலையில் கட்டியதை அகற்றலாம்.

எஃப்.எம்.பி.யை அரசின் இ-சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். ஒரு சிக்கல்: லேஅவுட் போட்ட பிறகு உட்பிரிவு செய்யாமல் கூட்டுப் பட்டாவாகவே இருந்தால், நம்ம மனையின் கோடு அதில் இருக்கவே இருக்காது. அப்போ அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தையும் வைத்துத்தான் அளக்கணும்.

யாரை வைத்து அளப்பது? டோட்டல் ஸ்டேஷனோடு வரும் தனியார் சர்வேயர் சீக்கிரம் முடித்துத் தருவார், ஆனா அவர் வரைபடம் அரசு ஆவணம் ஆகாது. சந்தேகம் இருந்தால் அரசு நில அளவர்தான். அதற்குப் பட்டாதாரர், அதாவது விற்பவர், விண்ணப்பித்துக் கட்டணம் கட்டணும். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்க. அளக்கும் நாளில் பக்கத்து மனைக்காரரும் இருக்கட்டும். கல் நட்டதும், அவரும் ஃபிரேமில் வருகிற மாதிரி, நாலு மூலையையும் போட்டோ எடுத்து வைங்க.