இனிப்புப் பானமும் நஃப்ஸின் பழக்கமும்

ரமளான் பிறை தெரிவதற்கு முன்பே நம்மவர் வீடுகளில் சர்பத் பாட்டில்களும் கலர் பாட்டில்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன. நோன்பு திறக்கும்போது ஒரு கிளாஸ், தராவீஹ் தொழுதுவிட்டு வந்ததும் ஒரு கிளாஸ், பகலில் தாகம் எடுக்காமலிருக்க ஸஹர் நேரத்தில் இன்னொரு கிளாஸ். பெருநாள் கழிந்ததும் நோன்பு போய்விடுகிறது. பாட்டில் மட்டும் போவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கும், வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும், வலீமா பந்திக்கும் அதுவே என்றாகிவிட்டது.

"ஹலாலான பானம்தானே! இதற்கெல்லாமா மார்க்கத்தில் கேள்வி?" என்று சிலர் கேட்கலாம். ஹலால்தான். இதை ஹராம் என்று சொல்வதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் 'அல்அஃராஃப்' அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில், உண்ணவும் பருகவும் அனுமதி தந்த அல்லாஹுதஆலா, அதே வசனத்திலேயே வரம்பு மீறுவதையும் தடுத்திருக்கின்றான். ஆகவே ஹலாலா என்ற கேள்வியோடு, எவ்வளவு, எத்தனை நாள், அது நம் புத்தியையும் குணத்தையும் என்ன செய்கிறது என்ற கேள்விகளும் ஒரு முஃமினுக்கு உண்டு.

இன்னோர் ஆட்சேபணையும் வரும். நாயகம் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. குளிர்ந்த இனிய பானம் அவர்களுக்குப் பிரியமானது என்று திர்மிதியில் வருகிறது. உண்மையே. அந்த 'இனிய பானம்' எது என்பதற்கு உலமாக்கள் தரும் விளக்கத்தையும் பார்க்க வேண்டும். உவர்ப்பில்லாத நல்ல தண்ணீர், அல்லது தேன் கலந்த தண்ணீர், அல்லது பேரீத்தம்பழம் ஊறிய தண்ணீர் என்கிறார்கள். நல்ல தண்ணீருக்கே அருமை இருந்த ஊர் அன்றைய மதீனா. உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலை கொடுத்து வாங்கி முஸ்லிம்களுக்கு விட்டுக்கொடுத்த வரலாற்றை நாம் கேட்டிருக்கிறோம். நபியவர்களின் இல்லத்தில் மாதக்கணக்கில் அடுப்பு எரியாமல், பேரீத்தம்பழமும் தண்ணீருமாகவே நாட்கள் கழிந்ததும் ஹதீஸில் உள்ளதுதான். கிடைத்த நாளில் இனிப்பை விரும்பியது வேறு. நாள் தவறாமல் மூன்று கிளாஸ் என்பது வேறு. பின்னதற்கு முன்னதை ஆதாரமாகக் காட்டுவது சரியாகாது.

இப்போது அந்த கிளாஸுக்குள் இருப்பதைப் பார்ப்போம். 330 மில்லி கொள்ளும் ஒரு கோலா டின்னில் சுமார் 35 கிராம் சீனி இருக்கிறது. அதாவது ஏழெட்டு டீஸ்பூன். தேநீரில் எட்டு ஸ்பூன் சீனி போட்டுக் கொடுத்தால் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். குளிர்ச்சியும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் இதில் நமக்குத் தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட நெறிமுறை, சேர்க்கப்படும் சீனி ஒருநாள் உணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்தப் பாதி என்பது பெரியவர்களுக்கே ஏறத்தாழ 25 கிராம்தான்.

"மூளைக்குச் சீனிச்சத்து தேவை" என்பார்கள். தேவைதான். உடல் செலவிடும் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. ஆனால் சோற்றிலிருந்தும், ரொட்டியிலிருந்தும், பருப்பிலிருந்தும், பழத்திலிருந்தும் உடல் அதைத் தானே தயாரித்து நிதானமாக அனுப்புகிறது. பாட்டில் அதற்கு அவசியமில்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. இனிப்பு நாவில் பட்டதும், பிறகு குடலில் இறங்கியதும், மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் சுரக்கிறது. 'இது நல்லது, இதை மறுபடியும் தேடு' என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. பாடம் ஒருநாளில் பதிவதில்லை. தினமும் ஓதினால் பதிகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தார் 2023இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருக்கு எட்டு வாரம், வழக்கமான சாப்பாட்டோடு கொழுப்பும் சீனியும் மிகுந்த ஒரு சிறு புட்டிங்கைத் தினமும் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே அளவு சக்தியுள்ள, கொழுப்புக் குறைந்த புட்டிங். முதல் கூட்டத்தாரின் எடை பெரிதாக மாறவில்லை. ஆனால் அத்தகைய பண்டத்துக்கு அவர்களுடைய மூளை முன்னைவிட அதிகமாகத் துள்ளியது. கொழுப்புக் குறைந்த உணவில் இருந்த விருப்பம் குறைந்தது. அது பானமல்ல, கொழுப்பும் கலந்த பண்டம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் எட்டே வாரத்தில், உடம்பு பெருக்கும் முன்பே, ஆசை மாறிவிட்டது என்பது யோசிக்க வேண்டிய செய்தி. 'நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்' என்ற ஆறுதல் இதனால் பலவீனப்படுகிறது.

பானத்துக்கு என்று தனியாக ஒரு குணமும் உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறிய ஆராய்ச்சியில், 15 பேருக்கு நான்கு வாரம் மிட்டாயாகவும், நான்கு வாரம் சோடா பானமாகவும் ஒரே அளவு சக்தியைக் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில் அவர்கள் தாமாகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். பானம் குடித்த நாட்களில் குறைக்கவில்லை, எடை கூடியது. மென்று தின்பதை மூளை கணக்கில் எழுதுகிறது. குடித்ததை எழுத மறந்துவிடுகிறது. வயிற்றை உணவுக்கும், நீருக்கும், மூச்சுக்குமாக மூன்று பங்கிடச் சொன்ன நபிமொழியை இங்கே நினைத்துப் பாருங்கள். நீருக்குரிய பங்கில் உணவை ஒளித்துவைத்து அனுப்புகிறது இந்தப் பாட்டில்.

குணம், நடத்தை பற்றிச் சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். கேட்டதையெல்லாம் பரப்புவது மார்க்கம் கண்டிக்கும் செயல் அல்லவா? சீனி தின்றால் பிள்ளைகள் உடனே துள்ளித் திரிவார்கள் என்று நம் தாய்மார்கள் சொல்வார்கள். மறைத்துக் கொடுத்துச் சோதித்த ஆராய்ச்சிகளில் அது நிரூபணமாகவில்லை. 1994இல் ஒரு சோதனை நடந்தது. பிள்ளைகளுக்குச் சீனியே கொடுக்காமல், சீனி கொடுத்திருப்பதாகச் சில தாய்மார்களிடம் சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள்தான் 'இவன் இன்று அடங்கவே இல்லை' என்றார்கள்! பிள்ளைமேல் குற்றம் சுமத்துமுன் நம் கண்ணையும் சோதித்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கவனித்து 2013இல் வந்த ஆராய்ச்சி, சோடா பானம் அதிகம் குடிக்கும் பிள்ளைகளிடம் சண்டையும் பிறர் பொருளை உடைப்பதும் அதிகம் என்றது. ஆனால் பானம்தான் காரணமா, கவனிப்பில்லாத வீடு காரணமா என்பதை அது தீர்க்கவில்லை. 2017இல் ஃப்ரேமிங்ஹாம் ஊர் ஆராய்ச்சியும் இப்படியே: இனிப்புப் பானம் மிகுதியாகக் குடிப்போருக்கு நினைவாற்றல் சோதனையில் மதிப்பெண் குறைவு, மூளையின் பருமனும் சற்றுக் குறைவு. தொடர்பு தெரிகிறது, காரணம் உறுதியாகவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. சீனி உற்சாகம் தரும் என்ற நம்பிக்கையை 31 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2019இல் பரிசீலித்தார்கள். மனநிலை உயரவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் சோர்வு கூடி விழிப்பு குறைந்ததே கண்டது. மஃரிபில் இரண்டு கிளாஸ் சர்பத் குடித்துவிட்டு, இஷாவின் ஸஃப்பில் நின்று கொட்டாவி விடும் நம் வாலிபர்கள் இதைக் கவனிக்கட்டும். கோலா குடிப்போருக்கு இன்னொரு பங்கும் உண்டு. அதில் தேயிலையில் உள்ளதைப் போலவே காஃபீன் இருக்கிறது. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் அரைநாள், ஒருநாளில் தலைவலியும் எரிச்சலும் வரும். முதல் இரண்டு நோன்பில் வீட்டாரிடம் எரிந்து விழுபவர் பழியை நோன்பின்மேல் போடுகிறார். ஏசியவனிடம்கூட 'நான் நோன்பாளி' என்று சொல்லி விலகக் கற்றுக்கொடுத்த இபாதத் அது. பழி பெரும்பாலும் ஷஃபான் மாதத்துப் பாட்டிலுக்கும் டீக்கும் உரியது.

இமாம் பூஸீரி (ரஹ்) அவர்கள் புர்தாவில் நஃப்ஸைப் பால்குடிக் குழந்தைக்கு ஒப்பிட்டிருப்பதை மவ்லிது மஜ்லிஸ்களில் ஓதக் கேட்டிருக்கிறோம். பால் மறக்கடிப்பதுபோலவே இதையும் மறக்கடிக்க முடியும். 2016இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சீனியை வெகுவாகக் குறைத்தவர்களுக்கு இரண்டு, மூன்று மாதங்களில் அதே பண்டம் முன்னைவிட அதிகமாக இனித்தது. கட்டுப்பாடு நீங்கியதும் அவர்கள் பழையபடி சீனிக்கே திரும்பினார்கள் என்பதையும் அது சொல்கிறது. எனவே ரஜபிலேயே தொடங்குங்கள். சர்பத்தில் வாரத்துக்கு ஒரு ஸ்பூன் சீனி குறையட்டும். பாட்டிலை வீட்டில் வைத்துக்கொண்டு பிள்ளையைத் தடுப்பதில் பயனில்லை. வாப்பா வாங்கி வராமலிருந்தால் பாதி வேலை முடிந்தது.

நோன்பு திறக்க பேரீத்தம்பழமும், அது இல்லையேல் தண்ணீரும் என்பதே ஸுன்னத்து. பானம் வேண்டுமென்றால், காலையில் ஊறவைத்ததை மாலையிலும் மாலையில் ஊறவைத்ததைக் காலையிலும் நபி (ஸல்) அவர்கள் அருந்தியதாக முஸ்லிமில் வருகிறதே, அதையே செய்யலாம். ஒரு செம்புத் தண்ணீருக்கு நாலைந்து பழம் போதும். அதிகம் போட்டால் அதுவும் சர்பத்தாகிவிடும். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுவோர் பழத்தின் எண்ணிக்கையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு பொழுதுக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். நுரை கட்டிப் புளித்துவிட்டால் போதையாகும் வழியில் அது இறங்கிவிட்டது. கொட்டிவிட்டுச் செம்பைக் கழுவி வையுங்கள்.