எழுப்பலாம் என்று தெரிந்த பிள்ளை

வீரமுனை,
ஆடி மாதம்.

அன்பின் மகளுக்கு,

நீ அனுப்பிய பிள்ளைகள் முகாமின் நிகழ்ச்சி நிரல் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். உடற்பயிற்சி, கயிறிழுத்தல், கடற்கரைத் துப்புரவு, கலை நிகழ்ச்சி என்று ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் ஒரு வேலை போட்டிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் ‘இரவு 9.30 உறக்கம்’ என்று ஒரு வரி, அதற்கடுத்த வரி ‘காலை 5.30 எழும்புதல்’. நடுவில் எட்டு மணித்தியாலம் கிடக்கிறது. 34 பிள்ளைகள், அதில் பாதிப்பேர் முதன்முதலாகத் தாயை விட்டுப் படுக்கப் போகிறவர்கள். அந்த நேரத்துக்கு நிரலில் ஒரு சொல்லும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு மூன்று நாள் பாசறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் நாள் மத்தியானம், வரிசையில் நின்ற ஒன்பது வயதுப் பிள்ளையொன்று அப்படியே சரிந்து விழுந்தது. வெயில் என்று நினைத்தோம். நிழலில் கிடத்தி, முகம் துடைத்து, தண்ணீர் கொடுத்தேன். உதட்டில் பட்டதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பின்னேரம் அவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது, என் முகம் தெரியாத தைரியத்தில் மெல்லச் சொன்னாள்: “குடிச்சா ராவைக்கு எழும்பணும் டீச்சர். அங்கால இருட்டு.”

மலசலகூடம் கட்டடத்துக்குப் பின்னால், கிணற்றையும் தாண்டி இருந்தது. முதல் நாள் இரவு அவளுக்கு முட்டியிருக்கிறது. என்னை எழுப்பப் பயம். விடியும்வரை கால்களைப் பின்னிக்கொண்டு படுத்திருக்கிறாள். காலையில் தானே ஒரு முடிவெடுத்துவிட்டாள், இனித் தண்ணீர் குடிப்பதில்லை என்று. நான் அடுத்த அறையில் கதவைத் தாழிட்டுப் படுத்திருந்தேன். பிள்ளைகளிடம் “ஏதும் வேணுமெண்டா எழுப்புங்கோ” என்று சொல்லித்தான் படுத்தேன். சொன்னதோடு என் கடமை முடிந்ததென்று நினைத்தேன்.

அன்று முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அதை நீயும் செய். முதல் நாள் பொழுது படுவதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே, ஒவ்வொரு பிள்ளையையும் பாயில் படுக்க வை. அங்கிருந்து எழும்பி, நீ படுக்கும் இடத்துக்கு வந்து, உன் தோளைத் தொட்டு, “அக்கா, எழும்புங்கோ” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு நீ அந்தப் பிள்ளையோடு மலசலகூடம்வரை நடந்துபோய்த் திரும்பி வா. 34 பேருக்கும் நேரம் எடுக்கும். கயிறிழுத்தலை வெட்டிவிட்டு அந்த நேரத்தை இதற்குக் கொடு. பகலில் ஒருமுறை தோளைத் தொட்ட கை இரவிலும் தொடும். தொடாத கை தொடாது. இருட்டியபின் அதே பாதையை டோர்ச் வெளிச்சத்தில் இன்னொருமுறை காட்டு. நீ கதவோரம் படு. கதவைத் தாழிடாதே. வழியில் ஒரு பல்பு விடியும்வரை எரியட்டும். மின்சாரம் போனால் எரிய ஒரு சார்ஜ் விளக்கும் இருக்கட்டும்.

பாய் நனைக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். ஏழு வயதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகள்வரை இரவில் நனைப்பவர்கள் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். வயது கூடக் கூடக் குறைந்துவிடும். அது நோயுமில்லை, வளர்ப்புப் பிழையுமில்லை. புறப்படும் முன் தாய்மாரிடம் தனித்தனியாகக் கேட்டு வை. கூட்டத்தில் கேட்காதே. அந்தப் பிள்ளைகளைப் பதினொரு மணியளவில் நீயே மெல்ல எழுப்பிக் கூட்டிக்கொண்டு போ. அப்படியும் நனைந்தால், மற்றவர்கள் எழும்புமுன் உடுப்பை மாற்றி, பாயைச் சுருட்டி ஒதுக்கி, அதைப் பற்றி ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லாதே, உன்னோடு வரும் மற்றப் பெரியவர்களிடமும்கூட. பகிடியாகச் சொன்ன ஒரு சொல்லை ஐம்பது வயதிலும் மறக்காதவர்களை எனக்குத் தெரியும். பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கு அங்கேயே முதல் தீட்டு வரலாம். நப்கின் பக்கற்றுகளை உன் பையில் பூட்டி வைத்துவிடாமல், எவரையும் கேளாமல் எடுக்கக்கூடிய இடத்தில் வை. எங்கே இருக்கிறதென்று பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடு.

இதெல்லாம் சுகத்துக்காக மட்டும் சொல்லவில்லை, மகள். கட்டு விரியனை உனக்குத் தெரியும், எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். இரவில் திரிகிற பாம்பு. தரையில் படுத்திருக்கிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாய் வீங்கிக் கடுமையாக நோகும். கட்டு விரியன் கடி அப்படியில்லை. நுளம்பு கடித்த அளவுதான் இருக்கும், பல்லுத் தடமும் தெரியாமல் போகலாம். பிள்ளை புரண்டு படுத்துவிடும். பிறகு வயிறு நோகும், வாந்தி வரும், கண்ணிமை தானாகக் கீழே விழும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். அதனால் இரவு மூன்று மணிக்கு ஒரு பிள்ளை வந்து “வயிறு நோகுது” என்றால், “போய்ப் படு, விடிஞ்சா சுகம் வரும்” என்று ஒருநாளும் சொல்லாதே. விளக்கைப் போட்டு முகத்தைப் பார். இமை சரிகிறதா, விழுங்க முடிகிறதா என்று பார். சந்தேகம் என்றால் உடனே 1990க்கு அழை, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். பிள்ளையை நடக்க விடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதுதான் வைத்தியம். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. நீங்கள் தங்கப்போவது திருக்கோவில் பக்கம் என்பதால், அங்குள்ள வைத்தியசாலைக்கும் அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைக்கும் எவ்வளவு தூரம் என்று பகலிலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிடு.

கடி வராமல் இருக்க மலிவான வழி நுளம்பு வலைதான். வலையின் விளிம்பைப் பாய்க்குக் கீழே நாலு பக்கமும் செருகிவிடு. சும்மா தொங்கவிட்ட வலையால் நுளம்புக்கும் தடையில்லை, பாம்புக்கும் தடையில்லை. படுக்கிற அறையில் சாப்பிட விடாதே. சோற்றுப் பருக்கைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

இனி எழுதுவதை இரண்டு தரம் வாசி. பெரியவர் ஒருவர், பிள்ளை ஒன்று, சாத்திய கதவு: இந்த மூன்றும் ஓரிடத்தில் சேரக் கூடாது. அந்தப் பெரியவர் எவ்வளவு மரியாதைக்குரியவராகவும் இருக்கட்டும், எங்கள் சொந்தக்காரராகவும் இருக்கட்டும். ஒரு பிள்ளையோடு தனியே பேச வேண்டுமென்றால், மற்றவர்கள் பார்க்கக்கூடிய திறந்த விறாந்தையில் இருந்து பேசலாம். பெண்பிள்ளைகள் படுக்கும் அறைக்கு இரண்டு பெண்கள், ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்கள். நான் முதலில் சொன்ன எழுப்பும் பழக்கத்தை ஆண்பிள்ளைகள் அந்த ஆண்களோடு செய்யட்டும். குளிக்கும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் ஒருவரும் போனை வெளியே எடுக்கக் கூடாது. இது வீண் பயமில்லை. அமெரிக்கச் சாரணர் இயக்கம் 2020இல் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. சிறுவயதில் அந்த இயக்கத்துக்குள் துஷ்பிரயோகத்துக்கு ஆளானதாக 82,000க்கும் மேற்பட்டோர் அதில் முறையிட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தலை நரைத்தவர்கள். ஐம்பது வருசம், அறுபது வருசம் எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்லு: “இதை ஒருத்தரிட்டையும் சொல்லாதே எண்டு ஆராவது சொன்னா, அதைத்தான் முதல்ல என்னட்டச் சொல்ல வேணும்.” உன்னிடமும் சொல்ல முடியாதென்றால் 1929 இருக்கிறது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், காசில்லை. படுக்கும் அறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டு.

பகலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உனக்கே தெரியும். ஒன்று மட்டும். 2023 ஓகஸ்டில் தென்கொரியாவின் செமான்கும் என்ற இடத்தில் உலகச் சாரணர் ஜம்போரி நடந்தது. 150க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 40,000க்கு மேற்பட்டவர்கள். கடலை நிரப்பி எடுத்த வெட்டை நிலம், மர நிழல் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் வெக்கையில் விழுந்தார்கள், மலசலகூடங்களும் சரியில்லை. பிரித்தானியப் பிள்ளைகளும் அமெரிக்கப் பிள்ளைகளும் பாதியிலேயே வெளியேறினார்கள். கடைசியில் சூறாவளி வருகிறதென்று 8ஆம் திகதி எல்லோரையும் அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். பணம் நிறைந்த ஒரு நாட்டில் நடந்தது இது. நிழலும் தண்ணீரும் கக்கூசும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார், மேடை அலங்காரம் பிறகு. கொதித்தாறிய நீர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற்று பத்தாவது கொண்டு போ. கடலில் கால் நனைக்கப் போனால் இரண்டிரண்டு பேராகச் சோடி கட்டு. இறங்கும்போதும் ஏறும்போதும் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடு. தலையை மட்டும் எண்ணினால் ஒருத்தியை இரண்டு தரம் எண்ணிவிடுவாய்.

சம்மாந்துறைப் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோசம். அவர்கள் இறைச்சியைப் பார்த்து, ஹலாலா என்று கேட்கக் கூச்சப்பட்டு, வெறுஞ்சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பக் கூடாது. எல்லா நாளும் மரக்கறிச் சாப்பாடு வைத்தால் எல்லோரும் ஒரே பானையில் சாப்பிடலாம். சுபஹ் தொழ எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று நீயே கேள். தொழுவதற்கு ஒரு சுத்தமான இடத்தையும் முதலே ஒதுக்கி வை.

வீதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 26ஐ நீ மறந்திருக்க மாட்டாய். நிந்தவூரில் தங்கி ஓதிய சம்மாந்துறைப் பிள்ளைகள் மழை வெள்ள நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மூடி ஓடிய வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்தது. ஆறு மாணவர்களும் கூடப் போன வேறு இருவரும் மாண்டார்கள். வாசலைப் பார்த்திருந்த வீடுகள் அவை. நீங்களும் அந்த வீதியால்தான் போய் வரப்போகிறீர்கள். இது கோடை, மழை இல்லை. ஆனால் இந்தமுறை நன்றாக நடந்தால் மார்கழி விடுமுறையிலும் செய்வோம் என்று யாராவது சொல்வார்கள். அப்போது நீ ஒத்துக்கொள்ளாதே. ஓடுகிற தண்ணீர் ஓர் அடி உயரம் இருந்தாலே சிறிய காரை மிதக்கவைக்கும், இரண்டடி அநேகமான வாகனங்களை இழுத்துக்கொண்டு போகும். வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் பிள்ளைகளோடு அதில் இறங்குவதில்லை. தங்கிய கட்டடம் மேட்டில் இருந்தால் அங்கேயே இன்னும் இரண்டு இரவு தங்கலாம். தாய்மார் அழுது போன் எடுப்பார்கள். எடுக்கட்டும், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லு. பிள்ளை தாயின் கையில் சேர்ந்தபிறகுதான் இடாப்பில் கடைசிக் கோடு போட வேண்டும்.

அம்மம்மா ‘முகாமா?’ என்று கேட்டு முகம் மாறிவிட்டா என்று எழுதியிருந்தாய். அவவோடு கோபிக்காதே. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தச் சொல் வேறு. 1990இல் போர் மூண்டபோது அக்கம்பக்கத்துச் சனம் உயிருக்குப் பயந்து நம்முடைய பிள்ளையார் கோயிலிலும் பாடசாலையிலும் வந்து படுத்திருந்தது. அந்த ஓகஸ்ட் 12இல் அங்கேயே எத்தனையோ பேர் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கல்முனையிலிருந்து கீழே கரையோரம் முழுக்கச் சனம் மாதக்கணக்காகக் கூடாரங்களில் கிடந்தது, தமிழரும் முஸ்லிம்களும். பிள்ளை வீட்டுக்கு வெளியே தரையில் படுப்பதென்றால் அவர்களுக்கு நினைவு வருவது அதுதான். அதனால் தாய்மாரோ அம்மம்மாமாரோ ஒரே கேள்வியைப் பத்துத்தரம் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லு. எங்கே படுக்கிறார்கள், யார் பக்கத்தில் படுக்கிறார்கள், எந்த இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடு. பார்க்க வர விரும்புகிறவர்கள் எந்த நேரத்திலும் சொல்லாமல் வரலாம் என்றும் அதில் எழுது. முதல் இரவு எட்டு மணிக்கு, சாப்பிட்டாயிற்று, எல்லோரும் சுகம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செய்தி போகட்டும். அம்மம்மாவோடு நீயே பேசு.

உன் அம்மாவிடம் ஒரு பை கொடுத்து விடுகிறேன். இரண்டு டோர்ச், மாற்று பற்றரி, ஒரு பழைய பெட்சீற், இலாஸ்ரிக் வைத்த பாவாடை ஐந்து, காற்சட்டை ஐந்து இருக்கும். அளவு பெரிதும் சிறிதுமாகத் தைத்திருக்கிறேன், எல்லாம் ஒரே கருநீலம், மாற்றி உடுத்தாலும் எவருக்கும் தெரியாது. திருப்பித் தர வேண்டாம். முதல் இரவு பிள்ளைகள் எல்லோரும் தூங்கியபிறகு எனக்கு ஒரு போன் எடு. எத்தனை மணியானாலும் நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா