வண்டி பேட்டரிக்கு சார்ஜ் போடும்போது கவனம்!

கோயம்பேட்டுக்குச் சரக்கு ஏற்றப் புறப்பட வேண்டிய விடியற்காலை நேரம். சாவியைத் திருப்பினால் வண்டியில் 'கடக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓட்டுநர் நம் முகத்தைப் பார்ப்பார், நாம் கடிகாரத்தைப் பார்ப்போம். இந்த அனுபவம் இல்லாத வணிகர் நம்மில் குறைவு. அதனால்தான் பலரும் சிறிய சார்ஜர் ஒன்றை வாங்கிக் கடையிலேயே வைத்திருக்கிறோம். வைத்திருப்பது நல்லதே. ஆனால் அதை மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு. அது தவறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் கடை வாசலில் நடந்ததைக் கொண்டே சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, எங்கள் சிறு சரக்கு வண்டிக்கு சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தோம். பானெட்டை மூடி வைத்திருந்தோம். காலையில் கடையில் வேலை செய்யும் தம்பி வந்தார். சுவிட்சை அணைக்காமலே பேட்டரியின் மேலிருந்த கறுப்புக் கிளிப்பைப் பிடுங்கினார். சிறு பொறி, அதைத் தொடர்ந்து பட்டாசு வெடித்தாற்போல் சத்தம். பேட்டரியின் மேல் மூடி பிளந்து ஆசிட் தெறித்தது. யாரோ கூப்பிட்டதால் அவர் முகத்தைத் திருப்பியிருந்த நேரம் அது. சட்டை பொத்தலானதோடு போயிற்று. திரும்பாமல் இருந்திருந்தால் கண் போயிருக்கும். அவருக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் தீப்பெட்டிப் பண்டலும் கற்பூரப் பெட்டியும் அடுக்கியிருந்தன. பிழை தம்பியுடையது அல்ல. முறையைச் சொல்லிக் கொடுக்காத எங்களுடையது.

ஏன் வெடிக்கிறது?

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. சார்ஜ் நிறையும் தறுவாயில், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற இரண்டு வாயுக்களாகப் பிரிந்து மேலே வருகிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். சமையல் எரிவாயு கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்று அதில் வாடை சேர்த்திருக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய பானெட்டுக்குள் அது தேங்கி நிற்பதை நாம் அறியவே முடியாது.

கிளிப்பை வைக்கும்போதோ எடுக்கும்போதோ மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் பொறி வரும். அந்தப் பொறி பேட்டரியின் தலைமேல் விழக்கூடாது என்பதே இந்தப் பாடம் முழுவதன் சாரம். கீழே சொல்லும் வரிசை அதற்காகத்தான்.

மாட்டும் முறை

1. வண்டியைக் கடைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். விளக்கு, ரேடியோ எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பானெட் திறந்தே இருக்கட்டும். சில சரக்கு வண்டிகளில் பேட்டரி பக்கவாட்டிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும். அங்கும் மூடியைத் திறந்து வையுங்கள்.

2. சார்ஜரின் வோல்ட்டும் பேட்டரியின் வோல்ட்டும் ஒன்றா என்று பாருங்கள். சிறு வண்டிகளுக்கு 12 வோல்ட். பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். 24-ல் வைத்த சார்ஜரை 12-க்கு மாட்டினால் பேட்டரி கொதித்துவிடும்.

3. சார்ஜரின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். பிளக்கையும் இப்போதைக்குச் செருக வேண்டாம்.

4. முதலில் சிவப்புக் கிளிப்பை பேட்டரியின் + முனையில் மாட்டுங்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் பேட்டரியின் மேல் பொறித்திருக்கும் குறியைப் பார்த்து மாட்டுவது நல்லது.

5. அடுத்து கறுப்புக் கிளிப். இதை பேட்டரியின் மேல் மாட்டாதீர்கள். பேட்டரியிலிருந்து தள்ளி, சேஸிஸிலோ எஞ்சினிலோ பெயின்ட் இல்லாத தடித்த போல்ட்டில் மாட்டுங்கள். பெட்ரோல், டீசல் குழாய்களின் அருகே கூடாது. இன்றைய வண்டிகளில் நெகடிவ் முனை பாடியோடு சேர்ந்தே இருப்பதால் இது போதும். வண்டியோடு வந்த கையேட்டில் வேறு இடம் காட்டியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

6. இரண்டு கிளிப்பும் அசையாமல் பிடித்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகி சுவிட்சைப் போடுங்கள்.

கழற்றும் முறை இதற்கு நேர் எதிர். முதலில் சுவிட்ச், பிளக், அடுத்து கறுப்பு, கடைசியில் சிவப்பு. எங்கள் கடையில் தவறியது இந்த முதல் படிதான்.

பேட்டரியையே வண்டியிலிருந்து இறக்குவதானால் நெகடிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். பாசிடிவ் முனையை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் ஸ்பேனரே பழுக்கும். கையில் மோதிரம், கைச்சங்கிலி இருந்தால் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எவ்வளவு, எத்தனை நேரம்?

பேட்டரியின் மேல் 'ஆம்பியர் ஹவர்' என்று ஒரு எண் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதுமானது. 40 என்றிருந்தால் 4 ஆம்பியர். முழுதும் இறங்கிய பேட்டரிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டு அதிகம் செலுத்தினால் சூடும் வாயுவும்தான் மிகும். சார்ஜ் எடுத்துச் சில மணி நேரம் கழித்து மீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே போட்டுவைத்தால் தகடுகளில் வெண்படிவம் உறைந்து, பிறகு சார்ஜ் பிடிக்காது.

பேட்டரி கைவைக்க முடியாத அளவு சுட்டாலோ, பக்கம் உப்பினாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். அந்த பேட்டரியை மெக்கானிக் பார்க்கட்டும். லித்தியம் பேட்டரியில் ஓடும் மின்சார வண்டிகளுக்கு அவற்றோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டவே கூடாது.

நம் பகுதிக்கும் நம் தொழிலுக்கும்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடற்காற்றில் பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பது வழக்கம். பல நேரம் வண்டி கிளம்பாததற்கு அந்தப் பூப்பே காரணம், சார்ஜ் தேவைப்பட்டிருக்காது. ஒயர்களைக் கழற்றிவிட்டு, நம் கடையிலேயே இருக்கும் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கரைசல் அறை மூடிகளின் வழியே உள்ளே இறங்கக் கூடாது. துடைத்து உலர்த்தி, ஒயரை இறுக்கி, மேலே வாசலைன் தடவி வையுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னைத் தெருக்களில் வண்டிகள் நீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்படி மூழ்கிய வண்டிக்கு அவசரப்பட்டு சார்ஜ் போடக் கூடாது. மெக்கானிக் பார்த்து உலர்த்திய பிறகே போட வேண்டும். சார்ஜருக்கு வருவது 230 வோல்ட் வீட்டு மின்சாரம். ஈரத் தரையில் வைப்பதும், எர்த் இல்லாத ஒட்டுப்போட்ட ஒயரில் மாட்டுவதும் உயிருக்கு ஆபத்து.

நாம் விற்கும் பொருட்களையும் எண்ணிப் பாருங்கள். தீப்பெட்டி, கற்பூரம், எண்ணெய், சாக்கு. இவற்றின் நடுவே சார்ஜ் போடலாமா? பீடி பற்றவைக்கக் கடையில் கயிறு தொங்குமானால் அதன் பக்கத்தில் வேண்டாம். மாலையில் கல்லாவுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வண்டிக்கும் காட்டுவது நம் வழக்கம். சார்ஜ் ஏறும் வண்டிக்கு அன்று மட்டும் காட்ட வேண்டாம்.

ஆசிட் கண்ணில் பட்டுவிட்டால் மருந்து தேடி ஓடாதீர்கள். முதலில் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரமாவது இமையைத் திறந்து பிடித்துக் கழுவுங்கள். பிறகு தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இராயபுரம் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகில் இருக்கிறது. கண்ணுக்கென்றே 1819-ல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது.

எங்கள் கடையில் இப்போது சார்ஜர் பெட்டியின் மேல் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். "மாட்ட: சிவப்பு, கறுப்பு, சுவிட்ச். கழற்ற: சுவிட்ச், கறுப்பு, சிவப்பு. கறுப்பு பேட்டரியில் அல்ல." அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு கண்ணாடியும் ரப்பர் கையுறையும் தொங்குகின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவருக்குத் தராசு பிடிக்கச் சொல்லித் தரும் நாளிலேயே இதையும் சொல்லித் தருகிறோம். உறுப்பினர்கள் அனைவரும் தத்தம் கடைகளில் இவ்வாறு செய்ய வேண்டுகிறோம். பேட்டரி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். நம்மை நம்பி வேலைக்கு வந்த பிள்ளையின் கண்ணை எந்தக் கடையில் வாங்குவது?