ஒரே நிறைக் காப்பு, இரண்டு கட்டணம்



திருகோணமலை நகருக்கு வடக்கே, கடலோரமாக உள்ள சல்லிக் கிராமத்தில் நீண்ட காலமாகக் கருவாடு வாங்கி வருகிறேன். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் அங்கே தொழில் படுத்துவிடும். வீட்டிலுள்ள நகை அடகுக்குப் போகும். 2018ஆம் ஆண்டு வாடையில் எனக்குப் பழக்கமான ஒரு மீனவர் இரண்டு பற்றுச்சீட்டுகளை நீட்டினார்.

“காக்கா, உங்கட ஆக்கள்ற அடகுல வட்டி இல்லையாமே. பிறகு என்னத்துக்கு மாசா மாசம் இந்தக் காசு?”

தாயின் காப்புச் சோடியை அவரும் தம்பியும் ஆளுக்கொன்றாக, ‘இஸ்லாமிய அடகு’ என்று பலகை போட்ட ஓரிடத்தில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 2 பவுன். அண்ணன் எடுத்தது 60,000 ரூபா, தம்பி எடுத்தது 30,000 ரூபா. ‘பாதுகாப்புக் கட்டணம்’ அண்ணனுக்கு மாதம் 900, தம்பிக்கு 450.

நிறை ஒன்று, பெட்டகம் ஒன்று, காவலும் ஒன்று. ஆனால் கட்டணம் இரண்டு! கணக்குப் போட்டால் இருவருக்கும் கடனில் நூற்றுக்கு ஒன்றரை. காப்பைக் காப்பதற்கான கூலி என்றால் இருவருக்கும் சமமாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த மனிதருக்கு முன்னால் என்னால் வாய் திறக்க முடியவில்லை. பலகையில் இருப்பது நமது மார்க்கத்தின் பெயரல்லவா?

ஈடு வைப்பது மார்க்கத்தில் ஆகுமானதே. அல்பகறா அத்தியாயத்தின் 283ஆவது வசனம் அதைப் பேசுகிறது. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அன்னாரின் கவசம், வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் ஈட்டில் இருந்தது. ஆகவே சிக்கல் ஈட்டில் இல்லை. கடனைக் காட்டி இலாபம் எடுப்பதில்தான் இருக்கிறது.

மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் 1992இல் இஸ்லாமிய அடகு நிறுவனம் தொடங்கியது. அங்கு வழக்கில் வந்த முறை இதுதான்: வட்டியில்லாக் கடன் (கர்ழ் ஹஸன்), அதற்கு ஈடாக நகை (ரஹ்ன்), நகையைக் காப்பதற்குக் கூலி (உஜ்ரா). கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன. கடனுக்கான சேவைக் கட்டணம் உண்மையான செலவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச பிக்ஹ் அகடமி 1986இல் அம்மானில் தீர்மானித்தது. இந்தோனேசிய உலமா சபையின் ஷரீஆ மன்றம் 2002இல் இன்னும் தெளிவாகச் சொன்னது: அடகுப் பொருளைப் பேணும் கட்டணத்தைக் கடன் தொகையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

நமது நாட்டில் 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி பிறந்தது. 2011இல் அமானா வங்கி இயங்கத் தொடங்கியது. வழி திறந்துவிட்டது, விழிப்பு நம் பொறுப்பு. நகை வைக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. கட்டணம் எதை வைத்து? நகையின் நிறை, பெறுமதி, காலத்தை வைத்தா, கடனை வைத்தா? பெறுமதிக்கு என்று எழுதிவிட்டு, குறைவாகக் கடன் எடுப்பவருக்குக் கழிவு கொடுத்தால் கணக்கு மறுபடி கடனிலேயே வந்து நிற்கும். கவனம்.

2. நிறையும் கரட்டும் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டுள்ளதா?

3. நகை களவு போனால் யார் பொறுப்பு?

4. தவணை தப்பினால் தண்டப்பணம் உண்டா? அது யாருக்குப் போகிறது?

5. ஏலம் போனால் முன்னறிவித்தல் உண்டா? கடன் போக மிஞ்சும் பணம் உரியவருக்கே சேர வேண்டும்.

6. ஷரீஆ ஆலோசகர்கள் யார்? அவர்கள் கணக்கைப் பார்த்தார்களா, அல்லது பெயரை மட்டும் கொடுத்தார்களா?

அந்த மீனவரோடு நானே அங்கு போனேன். முகாமையாளர் தலைமையகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பதில் இன்றுவரை வரவில்லை. என் மனைவியின் மாலையும் அங்கேதான் இருந்தது. அந்த மாதமே மீட்டுவிட்டேன். போட்டவேளை நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை. பலகையைப் பார்த்தேன், கையொப்பமிட்டேன், அவ்வளவுதான்.

நம்மிடையே நகைக்கடை வைத்து ஈடு வாங்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டண அட்டவணையைக் கடை வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு அதில் நட்டமில்லை. சல்லியிலிருந்து வருபவர் நம்மிடம் ஃபத்வாக் கேட்கப் போவதில்லை. பற்றுச்சீட்டைப் பார்த்துத்தான் நமது மார்க்கத்தை எடை போடுவார்.

அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக.